உள்ளமும் விசுவாசமும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்குமேல் ஜெபத்தைப் பற்றியவை. 'இன்னும் அதிகமாக ஜெபிக்க வேண்டுமா?' என்றே பலரும் கேட்டிருக்கிறார்கள். அந்த ஜெபத்துக்குப் பிறகு தூக்கமும் சாப்பாடும் மனிதர்களோடான பழக்கமும் எப்படி இருக்கின்றன என்று நாங்கள் திருப்பிக் கேட்கிறோம். பதில்களை ஒரு மனநல மருத்துவரும் இறையியல் படித்த ஓர் ஆற்றுப்படுத்துநரும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை நீக்கிவிட்டோம்.

ஜெபிக்க உட்கார்ந்தாலே பரிசுத்த ஆவியானவரைப் பற்றிக் கெட்ட வார்த்தை மனதில் வருகிறது. மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் இன்னொன்று வந்துவிடுகிறது. மத்தேயு 12இல் சொல்லியிருக்கும் மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று நடுக்கம். காலை ஜெபம் மட்டும் 3 மணி நேரம் ஆகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியவில்லை. எங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்) நான்கு தடவை கேட்டுவிட்டேன். 'பயப்படாதேம்மா' என்கிறார். வீடு வந்து சேர்வதற்குள் பயம் திரும்பிவிடுகிறது.
*வாசகி, 34 வயது, நாசரேத்*

ஐயர் சொன்னதில் தவறில்லை அம்மா. நான்கு தடவை கேட்டும் நிம்மதி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை என்பதில்தான் நோய் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. இது எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓ.சி.டி. சிலருக்கு அது கைகழுவுவதில் வரும், சிலருக்குப் பூட்டை இழுத்துப் பார்ப்பதில் வரும். பக்தியுள்ளவர்களுக்குப் பக்தியிலேயே வரும். இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டுச் சாகும் எண்ணம்வரை போனார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகே மீண்டார். ஆங்கிலப் பிரசங்கியார் ஜான் பன்யனுக்கு 'கிறிஸ்துவை விற்றுவிடு' என்ற சொற்கள் மனதுக்குள் ஓயாமல் ஓடின.

தேவையற்ற எண்ணம் வருவது நோயல்ல. 1978இல் உளவியலாளர்கள் ராக்மனும் இலங்கையைச் சேர்ந்த பத்மால் டி சில்வாவும் நோயில்லாதவர்களிடம் விசாரித்தபோது, ஏறத்தாழ 80 சதவீதம் பேர் இத்தகைய எண்ணங்கள் தங்களுக்கும் வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அதைத் துடைக்கப் பார்க்கிறீர்கள். துடைத்ததும் சிறிது நேரம் ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே மூளைக்கு, 'இது உண்மையிலேயே ஆபத்தான எண்ணம்தான், அடுத்த முறையும் எச்சரிக்கை செய்' என்று கற்றுக்கொடுக்கிறது. மூன்று மணி நேர ஜெபம் இப்படித்தான் வளர்ந்தது.

மத்தேயு 12க்கு ஒருமுறை மட்டும் பதில் சொல்கிறோம். பரிசேயர் இயேசு குணமாக்கியதைக் கண்ணால் கண்ட பிறகும் பிடிவாதமாக அதைப் பிசாசின் வேலை என்றார்கள். கேளாமல் வந்த ஒரு சொல்லுக்கு நடுங்குபவரின் நிலை அதற்கு நேர் எதிரானது. இதையே மறுபடி கேட்டு எழுதினால் பதில் தரமாட்டோம். கோபத்தால் அல்ல, அதுவும் சிகிச்சையின் பகுதி.

சிகிச்சையில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும். பயம் தரும் சூழல்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவீர்கள். 'ஆவியானவர்' என்ற சொல்லை வாசிப்பது 40, திருவிருந்தில் பங்கெடுப்பது 85 என்று வரலாம். 40இல் தொடங்குவீர்கள். அந்த வசனத்தை வாசிப்பீர்கள். கெட்ட சொல் வரும். மன்னிப்புக் கேட்காமல், தலையை உதறாமல், எதிர்ச்சொல் சொல்லாமல் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இருப்பீர்கள். பதற்றம் ஏறி, தானாக இறங்கத் தொடங்கும். சில நாள் இறங்காமலே நேரம் முடியும். அதுவும் தோல்வியல்ல, சடங்கு (எண்ணத்தைத் துடைக்கத் திரும்பத் திரும்பச் செய்வது) செய்யாமலும் தாங்க முடிந்தது என்பதே பாடம். நாள்தோறும் இதைச் செய்து, பிறகு அடுத்த படிக்கு ஏறுவீர்கள். தூஷணத்தை வாயால் சொல்லச் சொல்வார்களோ என்று பலர் பயந்து வருவதில்லை. விசுவாசத்தை மதிக்கும் சிகிச்சையாளர் அதைக் கேட்கமாட்டார். வந்ததைத் திருத்தாமல் விடுவதே போதும்.

இன்றே தொடங்கக்கூடியவை: காலை ஜெபத்துக்கு அலாரம் வைத்து 20 நிமிடம் ஒதுக்குங்கள், மணி அடித்ததும் பாதி வாக்கியத்திலேயே 'ஆமென்' சொல்லி எழுந்துவிடுங்கள். ஒருமுறை சொன்ன வரியைத் திரும்பச் சொல்லாதீர்கள். பாவ அறிக்கை இரவில் ஒரே தடவை. ஐயரிடமும் வீட்டுக்காரரிடமும் 'நான் மறுபடி கேட்டால் பதில் சொல்லாதீர்கள்' என்று இப்போதே சொல்லிவையுங்கள். வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: சத்தமான ஜெபத்தை நிறுத்திவிட்டு, மனதுக்குள் 'இயேசுவே மன்னியும்' என்று மின்னல் வேகத்தில் சொல்லிக்கொள்வது. அதுவும் சடங்குதான். கூடவே மாத்திரை தேவைப்பட்டால், மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அளவு கூடுதலாக இருக்கலாம், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். மூன்றாவது வாரத்தில் 'வேலை செய்யவில்லை' என்று நிறுத்துபவர்களே அதிகம்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்கிறார்கள். கிறிஸ்தவ டாக்டரிடம்தான் போக வேண்டுமா?
*வாசகர், வேலூர்*

சாகும் நோயில் கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார். ஆயுசு 15 வருஷம் கூட்டப்பட்டது. ஜெபம் கேட்கப்பட்ட பிறகுதான் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார் (ஏசாயா 38). பற்றுப்போட்டது விசுவாசக் குறைவு என்று யாரும் பிரசங்கித்ததாகத் தெரியவில்லை.

மாத்திரையின் பலன் 2 முதல் 4 வாரத்தில் தெரியத் தொடங்கும். முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால், நன்றாக ஆன பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். கூட்டத்தில் சாட்சி சொல்லிவிட்டு அன்றிரவே மாத்திரையைக் குப்பையில் போடுவதுதான் பெரிய பிரச்சினை. இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற அதிர்வு எல்லாம் வரும். சுகம் கிடைத்தது என்று நம்பினால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

டாக்டர் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ரெபெக்கா ப்ராப்ஸ்ட் 1992இல் வெளியிட்ட ஆய்வில், விசுவாசத்தோடு இணைத்த சிந்தனை-நடத்தைச் சிகிச்சையைப் பக்தியில்லாத சிகிச்சையாளர்கள் கொடுத்தபோதும் நல்ல பலன் கிடைத்தது. மருத்துவர் என்றால் மனநலத்தில் எம்.டி. அல்லது அதற்கு இணையான படிப்பு, மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் இவற்றைக் கேளுங்கள். உளவியலாளர் மாத்திரை எழுதித் தர முடியாது. 'என் ஜெப வாழ்க்கையைப் பற்றி இங்கே பேசலாமா?' என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

மகனுக்கு 23 வயது. இருதுருவ மனநோய்க்கு லித்தியமும் இரவில் குவெட்டியாபினும் எடுக்கிறான். ஜனவரியில் சபையில் 21 நாள் உபவாசம், வெள்ளிதோறும் முழு இரவு ஜெபம். 'நானும் இருப்பேன்' என்கிறான். தடுத்தால் தேவகாரியத்துக்குத் தடையாகிவிடுவேனோ?
*தாய், மார்த்தாண்டம்*

தடுங்கள் அம்மா. இதில் இரண்டு ஆபத்து இருக்கிறது, இரண்டும் வேறு வேறு.

லித்தியம் ஒரு உப்பு. சிறுநீரகம் அதைச் சோடியத்தோடு சேர்த்தே கையாளுகிறது. உடலில் தண்ணீரும் சோற்றுப்பும் குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்துவைக்கும்போது லித்தியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். மாத்திரையைக் கூட்டாமலே இரத்தத்தில் அளவு ஏறும். வழக்கமாக 0.6 முதல் 1.0 வரை இருக்க வேண்டியது 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்குக் குழறல் ஆகியவை அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவைத்து, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உபவாசத் தலைவலிக்கென்று ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைக் கடையில் வாங்கிப் போட்டால் அளவு இன்னும் ஏறும், பாராசிட்டமால் போதும்.

இரண்டாவது, தூக்கம். முழு இரவு விழித்திருக்க வேண்டுமென்று குவெட்டியாபினை விட்டுவிடுவான். இந்நோய் உள்ளவருக்கு ஒரே ஓர் இரவு தூக்கம் கெடுவதுகூட மனக்கிளர்ச்சியைக் கிளப்பிவிடும். அது சபைக்கு 'அபிஷேகம்' மாதிரித் தெரியும் என்பதுதான் சங்கடம். ஆவிக்குரிய உற்சாகத்தில் இருப்பவர் மறுநாள் அசந்து தூங்குவார். கிளர்ச்சியில் இருப்பவர் மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லாமல் எழுவார், வேகமாகப் பேசுவார், பணத்தை வாரியிறைப்பார், 'கர்த்தர் என்னிடம் மட்டும் சொன்னார்' என்பார். இப்படி இரண்டு இரவு போனாலே மருத்துவரைக் கூப்பிடுங்கள், ஐந்தாவது இரவுக்குக் காத்திருக்காதீர்கள்.

அவன் ஆசையை மட்டம் தட்ட வேண்டாம். தானியேல் 10ஆம் அதிகாரத்தில் தானியேல் இருந்ததும் மூன்று வாரம், அதாவது அதே 21 நாள்தான். அவர் விட்டது ருசிகரமான அப்பமும் இறைச்சியும் திராட்சரசமும். உங்கள் மகனும் கறி, மீன், இனிப்பு, கைபேசி ஆகியவற்றை விடலாம். சோறும் உப்பும் தண்ணீரும் வழக்கம்போல இருக்கட்டும். வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்குக் கூட்டத்திலிருந்து அழைத்துவந்துவிடுங்கள். போதகரிடம் நோயின் பெயரைச் சொல்ல விருப்பமில்லையென்றால், 'வேளை தவறாமல் மாத்திரையும் தூக்கமும் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்' என்பது போதும்.

இதே போல, இந்நோய்க்குக் கொடுக்கப்படும் இன்னொரு மருந்தான லூராசிடோன் எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். குறைந்தது 350 கலோரி உணவோடு, ஏறக்குறைய நான்கைந்து இட்லியும் சாம்பாரும் என்று வையுங்கள், சாப்பிடாவிட்டால் மருந்து பாதியளவுதான் உடலில் சேரும்.

வங்கியில் வேலை. இரவு படுக்கும்போது கடன், அப்பாவின் சுகவீனம், மகளின் படிப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிக்கிறேன். முடிக்கும்போது முன்னைவிடப் பயம் அதிகமாகிறது. 'ஒன்றுக்குங் கவலைப்படாமல்' என்ற வசனமே குற்றப்படுத்துகிறது.
*வாசகர், பெரம்பூர்*

நீங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள், நடுவில் 'ஆண்டவரே' என்று சேர்த்துக்கொள்கிறீர்கள். கேலிக்குச் சொல்லவில்லை; பலரும் இதைத்தான் செய்கிறார்கள். 'அப்பாவுக்கு இப்படி ஆகிவிட்டால்' என்று தொடங்கி அதன் கிளைகளை ஒவ்வொன்றாக நடந்துபார்ப்பது ஜெப உருவில் வந்தாலும் உடலுக்கு அது அலாரம்தான். அதையும் படுக்கையில் செய்வதால், படுக்கையைக் கண்டாலே கவலை எழும் பழக்கம் வந்துவிடுகிறது.

1980களில் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்க்கவெக் சொன்ன முறை எளியது. கவலைக்கென்று தினமும் ஒரே நேரம், ஒரே இடம், 30 நிமிடம். வேலை முடிந்து வந்து மாலை 6.30க்கு, சாப்பாட்டு மேசை என்று வையுங்கள். கட்டில் கூடாது. பகலில் கவலை வந்தால் இரண்டு சொல்லில் துண்டுச் சீட்டில் குறித்து, 'ஆறரைக்கு' என்று தள்ளிவையுங்கள். ஆறரைக்குத் தாளில் நடுக்கோடு போட்டு, இடப்பக்கம் நாளைக்குள் நான் செய்யக்கூடியது, வலப்பக்கம் என் கையில் இல்லாதது. இடப்பக்கத்தில் வினைச்சொல் இருக்க வேண்டும். 'அப்பாவின் உடல்நிலை' என்று எழுதினால் உபயோகமில்லை. 'அப்பாவின் சர்க்கரைப் பரிசோதனைக்கு வியாழன் டோக்கன் போடுவது' என்று எழுதுங்கள். முதல் வாரம் அரைமணியை நிரப்பக் கவலை போதாமல் போவது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

வலப்பக்கம் இருப்பதுதான் ஜெபத்துக்கு உரியது. அதற்கு 13ஆம் சங்கீதத்தை அச்சாக வைத்துக்கொள்ளுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் 'எதுவரைக்கும்' என்ற முறையீடு நான்கு தடவை வருகிறது. மனதுக்குள்ளேயே ஆலோசனை பண்ணிப் பண்ணிச் சஞ்சலப்படுவதையும் தாவீது அங்கேயே சொல்லிவிடுகிறார். அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில் நம்பிக்கை. அதேபோல நீங்கள் இரண்டு வரி முறையீடு, ஒரே ஒரு விண்ணப்பம், ஒரு நம்பிக்கை வரி எழுதுங்கள். கையால் எழுதினால் ஒரு முடிவு இருக்கும். மனதில் சொன்னால் வட்டமடிக்கும். நம்பிக்கை வரி வராத நாளில் இட்டுக்கட்ட வேண்டாம். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள்.

இரவில் நன்றி சொல்லி இரண்டு நிமிடத்தில் முடியுங்கள். 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்புங்கள். பிலிப்பியர் 4:6ஐப் பொறுத்தவரை, 'கவலைப்படாமல்' என்பதோடு வசனம் நிற்கவில்லை. விண்ணப்பத்தைத் தெரியப்படுத்தச் சொல்கிறது. தெரியப்படுத்துவது ஒரு தடவை போதும்.

திடீர் பதற்றம் வரும்போது ஜெபமாலை சொன்னால் இறங்குகிறது. இது மனப்பிரமையா?
*வாசகி, வேளாங்கண்ணி*

பிரமையல்ல. இத்தாலியில் லூச்சானோ பெர்னார்டி குழு 23 பேரிடம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், மங்கள வார்த்தை ஜெபத்தை லத்தீனில் சொன்னபோது மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்தது; இரத்த அழுத்தத்துக்கேற்ப இதயத் துடிப்பைச் சரிசெய்யும் உடலின் திறனும் மேம்பட்டது. 'அருள் நிறைந்த மரியே' என்ற முதல் பாதியை ஒரே நீண்ட வெளிமூச்சில் சொல்லி, மூக்கால் மெல்ல இழுத்து, 'புனித மரியே' பாதியை அடுத்த வெளிமூச்சில் சொல்லுங்கள். வேகமாக முணுமுணுத்தால் பலனில்லை, மூச்சு இன்னும் இரைக்கும். ஜெபமாலை கையில் இல்லாவிட்டால் பேருந்தில் ஏற மாட்டேன் என்ற நிலை வந்தால் மட்டும், வாரத்தில் இரண்டு நாள் வேண்டுமென்றே அதை வீட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பழகுங்கள்.

கணவர் அடிக்கிறார். 'ஏழெழுபதுதரம் மன்னி' என்று சபையில் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். மன்னித்தால் ஏன் இன்னும் கை நடுங்குகிறது?
*வாசகி, பாளையங்கோட்டை*

அடிக்கிற கை அதே வீட்டில் இருப்பதால் நடுங்குகிறது சகோதரி. உங்கள் உடல் சரியாகத்தான் வேலை செய்கிறது.

மன்னிப்பை ஆராய்ந்த உளவியலாளர் எவரெட் வொர்திங்டன் ஒரு விசுவாசி. தன் தாயைக் கொன்றவனை மன்னிக்கவேண்டி வந்தவர். பழிவாங்க மாட்டேன் என்று தீர்மானிப்பது ஒன்று, உள்ளே கசப்பு மாறுவது இன்னொன்று என்று அவர் பிரிக்கிறார். தீர்மானம் ஒரு நாளில் வரலாம், கசப்பு மாற ஆண்டுகள் ஆகலாம். சேர்ந்து வாழ்வது இந்த இரண்டிலும் சேராது. அதற்கு அடித்தவர் மாறியிருக்க வேண்டும், அதற்குச் சான்றும் வேண்டும்.

உங்களைத் திருப்பி அனுப்புகிறவர்கள் மத்தேயு 18இல் 22ஆம் வசனத்தை வாசிக்கிறார்கள். அதே அதிகாரத்தில் 15 முதல் 17 வரை, குற்றத்தை எடுத்துச் சொல், கேளாவிட்டால் சாட்சிகளைக் கூட்டிப்போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்று இருக்கிறது. இப்போது செய்ய வேண்டியது: ஆதார் நகல், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ், இரண்டு நாள் உடை, கொஞ்சம் பணம் இவற்றை ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள். பெண்கள் உதவி எண் 181. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இன்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்; புகாரை அவரிடம் நேரே தரலாம். காயம் பட்டால் அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படிப் பட்டது என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மன்னிப்பைப் பற்றிப் பேசுவதைப் பாதுகாப்பான கூரைக்குக் கீழ் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வாலிபர் கூட்டத்துப் பையன் ஒருவன், 'கர்த்தர் என்னை எடுத்துக்கொண்டால் நல்லது பாஸ்டர்' என்றான். நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று தயங்குகிறேன்.
*போதகர், திருவண்ணாமலை மாவட்டம்*

விதைக்காது ஐயா. கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பெரும்பாலும் ஒரு பெருமூச்சுதான் வரும். தனியாக உட்காரவைத்து, வேத வசனம் எடுப்பதற்கு முன்னால் இப்படிக் கேளுங்கள்: 'தம்பி, செத்துப்போகணும்னு தோணுதா?' ஆம் என்றால், 'எப்படின்னு யோசிச்சிருக்கியா?' அதற்கும் ஆம் என்றால், 'அது கைக்கு எட்டுற இடத்துல இருக்கா? எப்போன்னு நெனச்சிருக்கியா?' வழியும் நேரமும் சொன்னால் அன்றிரவு அவனைத் தனியே விடக்கூடாது.

விவசாய ஊர்களில் முதல் வேலை பூச்சிமருந்து. வீட்டுக்காரர்களிடம் சொல்லி டப்பாவை அவனுக்குத் தெரியாத வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். மோட்டார் கொட்டகையையும் பாருங்கள். மோசமான கொந்தளிப்பு பலருக்குச் சில மணி நேரத்தில் தணியும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காக்கிறது. 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நரகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். ஏற்கெனவே குற்ற உணர்வில் கிடப்பவன் மேல் இன்னும் ஒரு கல் வைப்பதாகும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவும் பகலும் தமிழில் பேசலாம். ஏற்கெனவே எதையாவது குடித்திருந்தால் 108. உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள், டப்பாவைக் கூடவே எடுத்துப்போங்கள்.

உங்கள் பையன் சொன்னதையேதான் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சொன்னார்: 'போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்' (1 இராஜாக்கள் 19). தூதன் கண்டிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுத் தூங்கினார். மறுபடி எழுப்பிச் சாப்பிடவைத்தான். 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வி அதற்கப்புறம், நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வருகிறது. இன்று இரவு அந்தப் பையனோடு யார் சாப்பிடுவது, யார் பக்கத்தில் படுப்பது, காலையில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு யார் கூட்டிப்போவது என்று மூன்று பெயரை எழுதிவிட்டு ஜெபியுங்கள். ஒரு வாரம் கழித்து, அவன் சிரித்த முகத்தோடு இருந்தாலும், முதல் கேள்வியை மறுபடி கேளுங்கள்.